போர்டு இல்லாத கடைக்கு ஒரு ரிவ்யூ: தாராவில பழைய சிங்கர் மிஷினுக்கு ஆள் பாத்து குடுக்கற அண்ணாச்சி

மும்பைல வீட்டுல பழைய கால் மிஷின் ஒண்ணு மூலைல நின்னுட்டிருக்கு, வச்சுக்கவும் எடம் இல்ல தூக்கி போடவும் மனசு வரலன்னு இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். மொதல்லயே சொல்லிடறேன், பெரிய காசு எதிர்பாக்கறவங்க இந்த கடைக்கு போகாதீங்க, ஏமாந்துதான் வருவீங்க. மிஷின் திரும்ப ஓடணும், யாராவது அதுல உக்காந்து நாலு துணி தைக்கணும், அதுதான் வேணும்னா இத விட நல்ல எடம் நான் பாக்கல. அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ வரும்.

கடைக்கு பேரு கிடையாது. தாராவி 90 ஃபீட் ரோடுலேர்ந்து உள்ள போற சந்துல ஒண்ணுல இருக்கு, மேப்புல தேடினா வராது, "மிஷின் ரிப்பேர் அண்ணாச்சி"ன்னு தமிழ்லயே கேளுங்க, டீக்கடைல நிக்கறவங்க கைய காட்டிடுவாங்க. அந்த பக்கம் பாதி பேரு திருநெல்வேலி பக்கத்துலேர்ந்து வந்த குடும்பம்தான், ஹிந்தில ஆரம்பிச்சு கஷ்டப்படாதீங்க. சுத்தி கார்மென்ட் யூனிட், பேக் தைக்கற யூனிட், மாடிக்கு மாடி கரண்ட் மிஷின் சத்தம், அதனால அண்ணாச்சிக்கு வேலைக்கு பஞ்சமே இல்ல. அவரோட பொழப்பு ஜுக்கி ரிப்பேர்தான், அதாவது யூனிட்ல ஓடற கரண்ட் மிஷின். பழைய சிங்கர், பழைய உஷா எல்லாம் ஒரு ஆசைக்கு பண்றார், அத அவரே சொல்றார், "இதுல எனக்கு பைசா மிச்சம் கெடையாது, இருந்தாலும் இரும்புக்கடைக்கு போறத பாத்துட்டு சும்மா இருக்க முடியல பாத்துக்கிடுங்க"ன்னு.

எங்ககிட்ட இருந்தது பெரியம்மாவோட சிங்கர் 15 கே, வார்ப்பிரும்பு ஸ்டாண்டோட. மாட்டுங்கா பில்டிங் ரீடெவலப்மென்டுக்கு போகுது, அது முடியற வரைக்கும் வாடகைக்கு எடுத்த ஃபிளாட்ல கட்டில் போடவே டேப் வச்சு அளக்க வேண்டியதா இருக்கு, பெரியம்மாவுக்கு முட்டி போயிடுச்சு மிதிக்க முடியாது, எனக்கு பட்டன் தைக்கறதோட சரி. துபாய்ல இருக்கற அண்ணன் ஃபோன்ல "அது ஆன்டீக்டி, லட்சத்துல போகும், அவசரப்பட்டு குடுத்துடாதே"ன்னான். எல்லார் வீட்டுலயும் இப்படி ஒரு அண்ணன் இருப்பான் போல, அதனால இந்த லட்சம் கதைய பத்தி கொஞ்சம் சொல்லிடறேன்.

வீல் பக்கமா மிஷினோட அடித்தட்டுல ஒரு நம்பர் பொறிச்சிருக்கும். எங்களோடது ஒய்-ல ஆரம்பிச்சுது. ஒய்-னா ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க்ங்கற ஊர்ல இருந்த சிங்கர் ஃபேக்டரி, 1920களுக்கும் 30களோட நடுவுக்கும் இடைல வந்த மிஷின். பழைய தையல் மிஷின் சேக்கறவங்களோட இஸ்மாக்ஸ்னு ஒரு சங்கம் இருக்கு, அவங்க இந்த நம்பர் லிஸ்ட் முழுசும் போட்டு வச்சிருக்காங்க, உங்க மிஷின் எந்த வருஷம்னு அதுல ஓரளவுக்கு பாத்துக்கலாம். 15க்கு பக்கத்துல இருக்கற கே கில்போவிய குறிக்கும், அது அந்த ஃபேக்டரி இருந்த எடம். 1913ல அந்த ஒரே ஃபேக்டரிலேர்ந்து சுமார் 13 லட்சம் மிஷின் வெளிய போயிருக்கு, ஒரே வருஷத்துல! 1980ல ஃபேக்டரிய மூடிட்டாங்க, ஆனா அங்க ரயில்வே ஸ்டேஷனுக்கு இன்னைக்கும் சிங்கர்னுதான் பேரு, நம்ம ஹார்பர் லைன்ல பருத்தி மார்க்கெட் பேர்ல காட்டன் கிரீன் ஸ்டேஷன் நிக்கற மாதிரி. விஷயம் என்னன்னா, வருஷத்துக்கு 13 லட்சம் அடிச்சு தள்ளின பொருள் நூறு வருஷம் ஆனாலும் அபூர்வம் ஆகாது. இந்தியால தெருவுக்கு ஒண்ணு இருந்திருக்கும். லட்சம் எல்லாம் வராது, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.

சரி, வேற எங்கெங்க முயற்சி பண்ணோம்னா, மொதல்ல எல்லாரும் சொல்ற சோர் பஜார், மட்டன் ஸ்ட்ரீட். வெள்ளிக்கிழமை போகாதீங்க, அன்னைக்கு அந்த கடைங்க லீவு, வெளிய ஜும்மா பஜார்தான் நடக்கும். எடம் பிரமாதம், கிராமஃபோன், பழைய லைட்டு, பழைய சினிமா போஸ்டர்னு ஒரு நாள் ஃபுல்லா சுத்தலாம், ஆனா விக்கப் போனா கதை வேற. ஒரு கடைக்காரர் ஃபோட்டோவ பாத்தவுடனே தலைய நீங்களே வச்சுக்கோங்க, கால் மட்டும் போதும்னுட்டார். அதாவது மிஷின் வேண்டாம், கீழ இருக்கற இரும்பு ஸ்டாண்டு மட்டும். அது மேல கண்ணாடி இல்லன்னா மார்பிள் போட்டு கஃபேக்கு டேபிளா போகுமாம். 4,000 தரேன்னார், நான் சொல்லப்போற கடைல கையில வந்தத விட அது ஜாஸ்திதான். அவரு மேல தப்பு சொல்ல முடியாது, அவரு வியாபாரம் அது. ஆனா பெரியம்மா வருஷக்கணக்கா மிதிச்ச பெடல் மேல ஒருத்தன் ஷூ கால வச்சுக்கிட்டு காபி குடிக்கறத நினைச்சா எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, பெரியம்மாகிட்ட அந்த ரேட்ட சொல்லவே இல்ல. அதோட அங்க இருக்கற சில மிஷின்கள நல்லா உத்து பாருங்க, மேல கருப்பு பெயின்ட் புதுசா அடிச்சு தங்க கலர் ஸ்டிக்கர் ஒட்டி பித்தளை தகடு மாட்டி பழசுன்னு சொல்லி விக்கறாங்க.

அப்புறம் பழைய சாமான் விக்கற ஆப் ஒண்ணுல போட்டோம். அத பத்தி எழுதினா அதுக்கே ஒரு தனி பதிவு வேணும். மொத ஃபோன் "நான் மிலிட்டரில இருக்கேன், போஸ்டிங் மாறுது, நேர்ல வர முடியாது, கியூஆர் அனுப்பறேன் ஸ்கேன் பண்ணி பின் போடுங்க பணம் வந்துடும்"னு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், பணம் வாங்கறதுக்கு பின் போடவே தேவையில்ல, பின் கேட்டாலே உங்க அக்கவுன்ட்லேர்ந்து போகுதுன்னு அர்த்தம். அது கூட பரவால்ல, இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச ஃபிராடு. இன்னொருத்தர் ரொம்ப மரியாதையா பேசினார், சுத்தமான தமிழ், மேடம் மிஷின் பழசான்னு கேட்டார், ஆமான்னேன், அப்ப ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க, உங்க மொபைல ஊசி பக்கத்துல கொண்டு போங்க, ஃபோன் கட் ஆகுதான்னு பாத்து சொல்லுங்கன்னார். எதுக்குன்னு கேட்டா இழுத்து இழுத்து கடைசில விஷயத்துக்கு வந்தார், சிவப்பு பாதரசமாம்! பழைய சிங்கர் ஊசிக்குள்ள இருக்குமாம், கோடி கணக்குல போகுமாம். இது பழைய வதந்தி, 2009ல சவுதில இதே கதைய நம்பி பழைய சிங்கர் மிஷினுக்கு ஜனங்க கண்டபடி காசு குடுத்து அலைஞ்சாங்க, போலீஸ் விசாரிக்கற அளவுக்கு போச்சு. ஊசிங்கறது இரும்பு, மாசத்துக்கு ஒரு தடவ உடையும், மாத்துவோம், அதுக்குள்ள எங்க பாதரசம்? நம்ம ஊர்ல அரிசிய இழுக்கற இரிடியம் கலசம்னு ஒரு கும்பல் சுத்துதுல்ல, அதுக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி. அப்படி யாராவது டெஸ்ட் பண்ண சொன்னா ஃபோன வச்சுடுங்க, அட்ரஸ் மட்டும் குடுத்துடாதீங்க.

பில்டிங்ல கேட்டு பாக்கலாம்னா, மேல் மாடி மாமா ஒருத்தர் "காந்தி மிஷினையே எதிர்த்தவர், அவரே சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்கு குடுத்திருக்கார் தெரியுமோ, அத போய் வெளில குடுக்கறேளே"ன்னு லெக்சர் குடுத்தார். காந்தி சொன்னது நெஜம்தான். சரி மாமா அப்ப நீங்க எடுத்துக்கறேளான்னு கேட்டேன், அடுத்த வாரம் சொல்றேன்னு போனவர் அதுக்கப்புறம் படில என்ன பாத்தா வேகமா ஏறிட்டார். பழைய இரும்பு வாங்கற பங்கார்வாலா எடைக்கு கேட்டான், அவன்கிட்ட பேச்சையே வளர்க்கல.

இனி கடை. வீட்டு வேலைக்கு வர அக்கா தாராவிலேர்ந்து வராங்க, அவங்க சொல்லித்தான் போனேன். உள்ள ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு சந்துல நிக்கணும். செவுரு பூரா பெல்ட் தொங்குது, பால் பவுடர் டப்பாவுல ஸ்குரூ, இன்னொரு டப்பாவுல பாபின் கேஸ் (அடி நூல் உருளைய மாட்டற கூடு), மேல தட்டுல தலை கழட்டின மிஷினுங்க வரிசையா. ஃபோட்டோவ பாத்துட்டு அவரு கேட்ட மொத கேள்வி விலை இல்ல, "வீல் சுத்துதா?"ன்னுதான். சுத்தல, கல்லு மாதிரி நிக்குதுன்னேன். "தேங்கா எண்ணெ விட்டாங்களா"ன்னார். எப்படி தெரியும்னு எனக்கு ஆச்சரியம், பெரியம்மா ஆயில் தீந்தப்போ எல்லாம் தேங்காய் எண்ணெய்தான் விட்டிருக்காங்க. அது நாள்பட பிசின் மாதிரி இறுகிடுமாம், நிறைய பேரு மிஷின் கெட்டு போச்சுன்னு தூக்கி போடறது இதனாலதானாம். "இரும்புக்கு ஒண்ணும் ஆகலம்மா, கொண்டாங்க, எவனும் பலவந்தமா வீல திருப்பாம பாத்துக்கிடுங்க"ன்னார்.

கொண்டு போனோம், டெம்போ சந்துக்குள்ள போகாது, ரோட்லேர்ந்து கைவண்டிலதான். தலைய தனியா கழட்டி பழைய போர்வைல சுத்தி வச்சோம், அதுவே 13, 14 கிலோ இருக்கும். அவரு வேலை செய்யறத கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன், நல்லா இருந்துச்சு. மொதல்ல எல்லா துளைலயும் மண்ணெண்ணெய், ஊசிக் கம்பி, நூல தூக்கற கை, அடில பல்லு ஓடற எடம் எல்லாத்துலயும் பிரஷ்ஷால தடவி அப்படியே ஊற விட்டுட்டார், அன்னைக்கு அவ்ளோதான் போங்கன்னுட்டார். அடுத்த தடவ போனப்போ வீல் ஒரு விரல்ல சுத்துச்சு. பாபின் கேஸ் உக்கார்ற ஷட்டில கழட்டினா உள்ள பஞ்சு, கலர் கலரா நூல் சிக்கு, ஒடஞ்ச ஊசி முனை ஒண்ணு. அப்புறம் மண்ணெண்ணெய் எல்லாம் தொடச்சுட்டு மிஷின் ஆயில் விட்டார். நூல இறுக்கி பிடிக்கற டென்ஷன் பக்கத்துல இருக்கற சின்ன ஸ்பிரிங் மாத்தினார், பாபின் சுத்தற எடத்து ரப்பர் வெடிச்சிருந்துச்சு அதுவும் புதுசு. தோல் பெல்ட் பழசு அறுந்து போச்சு, புதுச அளந்து வெட்டி ஓட்டை போட்டு கிளிப் மாட்டினார், "இது கொஞ்ச நாள்ல இழுத்துக்கிடும், அப்ப ஒரு துண்டு வெட்டிட்டு திரும்ப மாட்டணும், எடுக்கறவங்ககிட்ட சொல்லிருதேன்"ன்னார்.

இதெல்லாம் சாமான் கிடைக்குமான்னு நான் பயந்துட்டிருந்தேன், ஆனா 15 மாடலுக்கு அந்த கவலையே இல்ல. உஷாலேர்ந்து லூதியானா மிஷின் வரைக்கும் நம்ம ஊரு கருப்பு மிஷின் முக்காவாசி இதே டிசைன்தான், அதனால பாபின், பாபின் கேஸ், ஊசி எல்லாம் சாதா கடைலயே கிடைக்குது. உங்ககிட்ட இருக்கறது 28 கே மாதிரி மாடல்னா, அதாவது படகு ஷேப்ல ஷட்டிலும் ஒல்லியா நீளமா பாபினும் இருந்துச்சுன்னா, அது வேற ஜாதி, அந்த ஷட்டில் தொலைஞ்சிருந்தா தேடறது கஷ்டம். நான் இருக்கும்போதே ஒருத்தர் அப்படி ஒண்ணு ஷட்டில் இல்லாம கொண்டு வந்தார், இத ஷோகேஸ்லயே வைங்க, ஓட்டறேன்னு சொல்லி காசு வாங்கினா பாவம்னு நேரா சொல்லி அனுப்பிட்டார். அந்த நேர்மைக்கு எக்ஸ்ட்ரா ஸ்டார் குடுக்கலாம்.

இப்ப முக்கியமான எடம், ஆள் பாக்கறது. அவரு மிஷின வாங்கி விக்கறதில்ல. சர்வீஸ் பண்ணி கடைலயே வச்சுக்கறார், யாருக்காவது மிஷின் வேணும்னு அவரே விசாரிப்பார், வர ஆள தைச்சு காட்ட சொல்வார். ஆமா, பரீட்சை! ஒரு துண்டு துணிய குடுத்து நேர் கோடு ஒண்ணு போடுங்கன்னு சொல்லிட்டு அவரு பாக்கறது துணிய இல்ல, கால. கால் மிஷின் பழக்கம் இல்லாதவங்க மிதிச்சா வீல் பின்பக்கமா சுத்திடும், நூல் சிக்கி அறுந்துடும். வீல நம்ம பக்கமா ஒரு தட்டு தட்டிட்டு அதே தாளத்துல மிதிக்கணும், அது வருதான்னு பாக்கறார். வரலன்னா குடுக்க மாட்டேன்னு இல்ல, நாலு நாள் கடைக்கு வந்து பழகிட்டு எடுத்துக்கோங்கன்னு சொல்றார். ஒருத்தர் பொண்டாட்டியோட வந்து இதுல மோட்டார் வச்சு தருவீங்களா, ஸ்டாண்ட ஊருக்கு அனுப்பிடலாமான்னு கேட்டார், அண்ணாச்சி "அண்ணன் நீங்க வேற எடம் பாருங்க"ன்னு ஜுக்கி பக்கம் திரும்பிட்டார்.

கடைசில எடுத்துக்கிட்டது அங்கேயே ரெண்டு சந்து தள்ளி இருக்கற ஒரு பொண்ணு, கைக்குழந்தை இருக்கு, யூனிட்டுக்கு வேலைக்கு போக முடியாது, வீட்டுலயே துணிப்பையும் தலகாணி உறையும் தைச்சு குடுக்குது. மோட்டார் மிஷின் ஏன் வாங்கலன்னு நான்தான் கேட்டேன், அந்த சத்தத்துக்கு குழந்தை எந்திரிச்சிடும்க்கா, இதுன்னா அது தூங்கும்போது தைக்கலாம்னா. மெதுவா ஒவ்வொரு தையலா போடணும்னாலும் கால் மிஷின்ல நம்ம கைல இருக்கும், மோட்டார் பழகாதவங்க கால வச்சா துணி பறந்துடும். அந்த பொண்ணு 3,500 குடுத்தா, ரெண்டு தவணையா. அதுல சர்வீஸ், பெல்ட், சாமான் எல்லாம் சேத்து 1,200 அண்ணாச்சி எடுத்துக்கிட்டார், மீதி எங்களுக்கு, டெம்போ கைவண்டி போக கைல நின்னது ரொம்ப கம்மி. அண்ணனுக்கு கணக்க அனுப்பினேன், தம்ஸ் அப் மட்டும் போட்டான்.

சரி, போன ஸ்டார். மிஷின் மேல தங்க கலர்ல பூ டிசைன் எல்லாம் இருக்கும்ல, அண்ணாச்சிக்கு அதுல சுத்தமா மதிப்பு இல்ல. அவருக்கு ஓடறதுதான் மிஷின். கடை பையன் தின்னர்ல துணிய நனைச்சு எடுத்துட்டு வந்துட்டான், நான் கத்தலன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். பழைய சிங்கர்ல டிசைன் மேல ஷெல்லாக்ங்கற அரக்கு பூச்சு இருக்கும், ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் எது பட்டாலும் அது கரைஞ்சு வெள்ளையா பூத்துடும், டிசைனும் கையோட வந்துடும். மிஷின் ஆயில் தொட்ட பஞ்சால மெதுவா தொடச்சாலே அழுக்கு போயிடும். அதுக்கப்புறமும் அவரு விடல, "கருப்பு பெயின்ட் அடிச்சு புது ஸ்டிக்கர் போட்டுருதேன், பளபளன்னு இருக்கும், அந்த பிள்ளையும் சந்தோசப்படும்"னு கேட்டுக்கிட்டே இருந்தார். வேண்டாம்னு சீட்டு எழுதி மிஷின் மேலயே ஒட்டிட்டு வந்தேன். நீங்களும் குடுக்கும்போதே தெளிவா சொல்லிடுங்க, பெயின்ட் வேண்டாம், தின்னர் வேண்டாம்னு.

மத்த குறைங்க சின்னது. பில்லு கிடையாது. ஃபோன் எடுக்க மாட்டார், எடுத்தாலும் அந்த சத்தத்துல ஒண்ணும் கேக்காது, நேர்லதான் போகணும். எப்ப ஆள் கிடைக்கும்னு தேதி சொல்ல மாட்டார், வீட்ட காலி பண்ற அவசரத்துல இருக்கறவங்க முன்கூட்டியே போங்க, எங்களுக்கே பில்டிங் காலி பண்ற கடைசி நேரத்துலதான் முடிஞ்சுது. அந்த ஏரியாவுக்கே ரீடெவலப்மென்ட் பேச்சு ஓடிட்டிருக்கு, கடை இன்னும் எத்தன நாள் அதே சந்துல இருக்கும்னு அவருக்கே தெரியல, அதனால போறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க யாரையாவது விட்டு விசாரிச்சுக்கோங்க.

கொண்டு போகும்போது பாபின் கேஸ் மிஷினுக்குள்ள இருக்கான்னு பாத்துக்கோங்க, ஸ்டாண்டோட இழுப்பறைய காலி பண்ணிடாதீங்க, அதுல ஓரம் மடிக்கறது, சுருக்கு வைக்கறதுன்னு குட்டி குட்டி இரும்பு பாதமெல்லாம் கெடக்கும், உங்களுக்கு குப்பை மாதிரி தெரியும், தைக்கறவங்களுக்கு அதுதான் வேணும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கடை மூடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் போகவே போகாதீங்க, யூனிட்காரங்க எல்லாம் ரிப்பேர் மிஷின கொண்டு வந்து வாசல்ல இறக்கிடறாங்க, அண்ணாச்சி தலையே நிமிராது.